மூக்கு வைத்த பஸ்

பழைய பொருள்களைத் தேடி அலைகிறவர்களில் பல ரகம் உண்டு. செப்புக் காசு தேடுகிறவர்கள், ஓலைச்சுவடி தேடுகிறவர்கள், தஞ்சாவூர்ப் படம் தேடுகிறவர்கள், செட்டிநாட்டுக் கதவும் தூணும் தேடுகிறவர்கள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவர்களையெல்லாம் ரசிகர்கள் என்று சொல்லி உலகம் கொஞ்சம் மரியாதையும் வைத்திருக்கிறது. ஆனால் ஒருவர், "பழைய பஸ் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும். "எந்த ஊருக்குப் போகவேண்டும்?" என்றுதான் நாம் கேட்போம்.

எங்கள் வேங்கிக்காலில் அப்படிப்பட்ட மனிதர் ஒருவர் இருக்கிறார். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில் அவருக்கு ஒரு பட்டறை. எழுபது வயதை நெருங்கியவர். எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். பிழைப்புக்காக டிராக்டர்களையும் லாரிகளையும் பழுது பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்விடுவார். கிழ டிரைவர்களைத் தேடிப் பிடித்து, வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்து, "உங்கள் காலத்து வண்டி கடைசியில் எங்கே போச்சு?" என்று கேட்பார். பெண்ணுக்கு வரன் விசாரிக்கிறவர்கூட அத்தனை பொறுமையாக விசாரிக்க மாட்டார்.

பழைய பஸ் எங்கே கிடைக்கும் என்பதற்கு அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ரோட்டோரத்தில் கிடைக்காது, ரோட்டோரத்தில் கிடப்பதை இரும்புக் கடைக்காரர்கள் என்றோ எடைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். வேறொரு வேலைக்கு உபயோகப்பட்ட பஸ்தான் தப்பிப் பிழைத்திருக்கும். வெல்லம் காய்ச்சும் இடத்தில் கொட்டகையாக, டீக்கடையாக, செங்கல் சூளைக் காவற்காரனுக்கு வீடாக, கோழிக் கூண்டாக அது உயிர் பிழைத்திருக்கும். "ஓடாமல் இருந்தால் போதாது சார், ஏதாவது வேலை பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். சும்மா இருக்கிற பஸ்ஸையும் கிழவனையும் யாரும் விட்டு வைக்க மாட்டார்கள்" என்பார்.

மேஸ்திரி சொல்வது சீமைக்கும் பொருந்துகிறது. லண்டனின் பழைய பஸ்களுடைய உடற்கூடுகள் பலவற்றை அங்குள்ள ஆர்வலர்கள் தோட்டத்துக் கொட்டகைகளிலிருந்துதான் மீட்டிருக்கிறார்கள். முதல் உலக யுத்தத்துக்குச் சிப்பாய்களை ஏற்றிப் போன லண்டன் பஸ்களில் ஒன்று அங்கே யுத்தப் பொருட்காட்சிச் சாலையில் வீற்றிருக்கிறது. 1914-ல் பிறந்த இன்னொரு பஸ்ஸைச் செப்பனிட்டு, சரியாக நூறு ஆண்டு கழித்து 2014-ல், பழைய யுத்தகளங்களுக்கே ஓட்டிப் போய்க் காட்டினார்கள்.

நம் ஊரிலும் மோட்டாரின் சரித்திரம் ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. 1840-ல் தொடங்கிக் குதிரை வண்டிகள் கட்டிய சென்னை சிம்ப்ஸன் கம்பெனியில் 1903-லேயே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் மோட்டார் வண்டி ஒன்றைச் செய்து ஓட்டினார். 1911-ல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தம் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். தென் ஜில்லாக்களில் பஸ் என்றாலே அவர் பெயர் என்று ஆயிற்று. 1920-ல் கோவை ஜி. டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். இவையெல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. ஆனால் அந்தக் காலத்து பஸ் ஒன்றைக் கண்ணால் பார்க்கவேண்டும், கதவைத் தொட்டுத் திறக்கவேண்டும் என்று ஆசைப்பட்டால் எங்கே போவது?

கார்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. கோயம்புத்தூரில் 2015-ல் திறந்த ஜீடீ கார் மியூசியத்தில் பளபளவென்று துடைத்த பழங் கார்களை வரிசையாகப் பார்த்துவிட்டு வரலாம். மகாராஜாக்களின் கார்களுக்கு ஊர்வலங்களும் பந்தயங்களும் நடக்கின்றன. காருக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவருக்கு ஒரு பேரன் இருக்கிறான். பேரனுக்குத் தாத்தாவின் பெருமை இருக்கிறது. பஸ்ஸுக்கு யார் இருக்கிறார்கள்? அதில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவர்கள், பெண் பார்க்கப் போனவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், கார்த்திகைத் தீபம் பார்க்க வந்தவர்கள் லட்சக் கணக்கில் உண்டு. எல்லோருக்கும் சொந்தமான பொருளுக்கு வாரிசு என்று ஒருவரும் இல்லை.

மேஸ்திரிக்கு ஒரு பஸ் கிடைத்தது. அதை அவர் தேடிக் கண்ட இடம் வேங்கிக்கால் ஏரிக்கு அந்தப் பக்கம், பட்டறையிலிருந்து இரண்டு மைல்கூட இராது. வேர்க்கடலைக் கொல்லை நடுவில் ஒரு கிணறு. கிணற்றை ஒட்டிப் பூவரச மரங்கள். மரங்களுக்கு நடுவில் தகரமும் தென்னங் கீற்றும் போர்த்திய ஒரு பம்பு ஷெட். கீற்றை விலக்கிப் பார்த்தால் அடியில் மூக்கு தெரிந்தது.

இந்தக் காலத்து வாசகர்களுக்கு அந்த மூக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அன்றைய பஸ்களில் எஞ்சின், டிரைவருக்கு முன்னால் ஒரு நீண்ட மூடிக்குள் தனியாக இருக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் முகமும் மூக்குமாக ஒரு பிராணியைப் போலத் தோன்றும். மூக்கின் நுனியில் ஹாண்டிலைச் செருகிச் சுழற்றினால்தான் எஞ்சின் உயிர் பெறும். யுத்த காலத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது பின்புறம் ஓர் அடுப்பை மாட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். டி. வி. எஸ். ஸ்தாபனமே அப்படிப்பட்ட கரிவாயுக் கருவிகளைச் செய்து கொடுத்தது. கரியில் ஓடும் எஞ்சினுக்குப் பாதிப் பலம்தான். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளவேண்டியதுதான். பிறகு எண்ணூரில் லேலண்டு வண்டிகளும், 1954 முதல் டாட்டா மெர்ஸிடிஸ் வண்டிகளும் பெருகின. நாளடைவில் எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. பஸ் மூக்கறுபட்டுத் தட்டை முகமாகிவிட்டது.

ஏரிக்கரை பஸ்ஸின் சட்டம் செவர்லே கம்பெனியுடையது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928 முதல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்று, 1954-ல் கடையைக் கட்டினார்கள். அன்றெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தது சட்டமும் எஞ்சினும் மட்டும்தான். மேலே உள்ள உடல் முழுவதும் நம் ஊர்த் தச்சர் கை வேலை. தேக்குச் சட்டம், அதன்மேல் அறைந்த தகடு, பலகை ஸீட்டு, கண்ணாடிக்குப் பதிலாகச் சுருட்டிக் கட்டும் கான்வாஸ் திரை, பின்னால் ஏணி, கூரைமேல் சாமான் போட இரும்புக் கம்பி. பாதி அமெரிக்கன், பாதி ஆசாரி. இந்தக் கலியாணத்தில் பிறந்ததுதான் நம் பஸ்.

மேஸ்திரி ஒரு பிளேடை எடுத்துக் கதவோரத்தில் நகத்தளவு பெயிண்டைச் சுரண்டினார். மேலே பச்சை, அதன் அடியில் வெள்ளை, அதற்கும் அடியில் மஞ்சள், எல்லாவற்றுக்கும் அடியில் வாடிப்போன ஒரு சிவப்பு. மரத்தின் வயதை வளையத்தில் எண்ணுவதுபோல அவர் அந்த வண்டியின் வயதைப் பெயிண்டில் எண்ணினார். "மூணு முதலாளி கை மாறியிருக்குது சார்" என்றார். பிறகு விசாரித்ததில் அது சரியாகவே இருந்தது.

கொல்லையின் சொந்தக்காரி ஓர் அம்மாள். எண்பத்தைந்து வயது. அவளுடைய கணவர் அந்த பஸ்ஸைப் பதினெட்டு வருஷம் ஓட்டியவர். 1970-களின் நடுவில் முதலாளி தொழிலை விட்டபோது டிரைவருக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. கையில் ரொக்கம் இல்லை என்று சொல்லி, ஓடாமல் நின்ற வண்டியையே கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டார். வீட்டுக்கு அரிசி வரும் என்று காத்திருந்தவளுக்குப் பஸ் வந்து சேர்ந்தது! கணவர் சளைக்கவில்லை. மாடுகளைப் பூட்டி அதைக் கொல்லைக்கு இழுத்து வந்தார். எஞ்சினைக் கழற்றிக் கிணற்றோடு பொருத்தினார். அதற்கு மேல் பஸ்ஸையே கூரையாக நிறுத்திவிட்டார். கரண்டு வரும்வரையில் அந்த எஞ்சின்தான் அந்த நிலத்துக்குத் தண்ணீர் இறைத்தது. வண்டியாகப் பதினெட்டு வருஷம் உழைத்தது, பிறகு உழவு மாடுபோல் மேலும் சில வருஷம் உழைத்தது.

இப்போது நிலத்தை மனை போட்டு விற்கப் போகிறார்கள். 1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகி, கலெக்டர் ஆபீசும் வேங்கிக்காலுக்கு வந்த பிறகு, இங்கே கடலை விளைந்த இடத்திலெல்லாம் கல் நட்டாகிவிட்டது. இரும்புக் கடைக்காரர் வந்து பார்த்து, எடை போட்டுப் பணம் தருவதாகப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிள்ளைமீது குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு ஒரு பெண் இருக்கிறாள், கலியாணம் இருக்கிறது.

நாங்கள் போனபோது கிழவி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆயா, அந்த இரும்பை எனக்குக் கொடுத்துடு. கடைக்காரன் குடுக்கிற காசை நானும் குடுக்கறேன்" என்றார் மேஸ்திரி.

"இரும்பா? அது இரும்பு இல்ல மேஸ்திரி, அவரு சம்பளம்" என்றாள் கிழவி.

பிறகு வெகு நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் அவளே, "இன்னா பண்ணப் போற அத்தெ?" என்று கேட்டாள். பழையபடி பஸ்ஸாக்கி நிறுத்தப் போவதாக மேஸ்திரி சொன்னார்.

"ஓடுமா?"

"ஓடும் ஆயா."

இங்கேதான் சண்டை ஆரம்பித்தது. பழைய பொருளைச் செப்பனிடுகிற எல்லோரும் ஒரு நாள் சந்திக்கவேண்டிய சண்டை அது. மேஸ்திரியின் திட்டம், வண்டியை 1940-களில் கடையிலிருந்து இறங்கிய கோலத்துக்கே கொண்டுபோவது. அதற்குச் செவர்லேயின் பழைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையில் சொல்லி வைத்தால் என்றாவது கிடைக்கும் என்று நம்பினார். கிடைத்தாலும் அது சுலபமான வேலை அல்ல. அந்த எஞ்சினின் பேரிங்குகள் வாங்கி மாட்டும் ரகமல்ல. ஈயம் போன்ற ஒரு வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றி, ஆறியபின் கையால் சுரண்டிச் சுரண்டி அளவுக்குக் கொண்டுவரவேண்டும். அந்தக் கை தெரிந்தவர்கள் இன்று அபூர்வம். மேஸ்திரி அவர்களில் ஒருவர். தம் கை வித்தையைக் கடைசியாக ஒரு தரம் காட்டிவிடவேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்திருக்கலாம்.

கிணற்றடியில் சாக்குகளுக்கு அடியில் கிடந்ததோ வேறு எஞ்சின். 1950-களில் பெட்ரோல் செலவு தாங்காமல் பல முதலாளிகள் அமெரிக்க வண்டிகளில் டீசல் எஞ்சினை மாற்றிக்கொண்டார்கள். பெர்கின்ஸ் கம்பெனியின் எஞ்சினைச் சென்னையில் செய்து கொடுத்தவர்கள், நான் மேலே சொன்ன அதே சிம்ப்ஸன் கம்பெனியார். அப்படி மாற்றிய எஞ்சின்தான் அது. "அது அசல் இல்ல ஆயா, நடுவுல வந்தது" என்று மேஸ்திரி விளக்கிச் சொன்னார்.

கிழவி சிரித்தாள். "நானுங்கூடத்தான் நடுவுல வந்தேன். நான் வாக்கப்பட்டு வந்தப்போ அந்தச் சத்தந்தான். ஊர்க் கோடியில வரும்போதே கடகடன்னு கேக்கும். ஒலையில அரிசி போடுவேன். நீ சொல்ற எஞ்சினு எப்படிக் கத்தும்னு எனக்குத் தெரியாது. அத்தெ யாரு கேட்டாங்க?"

மேஸ்திரி வாயடைத்து நின்றார். எனக்கும் பதில் தெரியவில்லை. எது அசல்? கப்பலில் வந்து இறங்கிய நாளில் இருந்த வண்டியா, இந்த ஊர் ரோட்டில் வாழ்ந்த வண்டியா? ஒரு கார் வாங்கிய நாளைப் போலவே நூறு வருஷம் இருக்கலாம். பஸ்ஸுக்கு அது விதிக்கவில்லை. எஞ்சின் போனால் வேறு எஞ்சின், தகடு துருப்பிடித்தால் வேறு தகடு, முதலாளி மாறினால் வேறு வர்ணம் என்று மாறிக்கொண்டே பிழைப்பதுதான் அதன் ஜாதி. மாறாத பஸ் என்று ஒன்று இருந்தால் அது ஓடாத பஸ்ஸாகத்தான் இருக்கும்.

இந்தச் சங்கதி நம் சட்டத்துக்கு மட்டும் புரியவில்லை. 2021-ல் மத்திய சர்க்கார், ஐம்பது வயது கடந்த வண்டிகளைப் பாதுகாக்க ஒரு விதி செய்தார்கள். தனிப் பதிவு, தனி எழுத்துக்களோடு நம்பர்; புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம்; பத்து வருஷம் செல்லும். நல்ல விதிதான். ஆனால் அது சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் இரு சக்கர வண்டிகளுக்கும் கார்களுக்கும் மட்டும். டிரைவரைத் தவிர எட்டுப் பேருக்குமேல் உட்காரும் வண்டி அந்த வகையில் சேராது. அதோடு சட்டத்திலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது என்றும் நிபந்தனை. ஆகவே பஸ் இரண்டு குற்றம் செய்துவிட்டது: நிறையப் பேரை ஏற்றியது ஒன்று, அதற்காகத் தன்னை மாற்றிக்கொண்டது இன்னொன்று. மறுபக்கம், 15 வயது கடந்த சர்க்கார் வண்டிகளை உடைத்துவிடவேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. புகையும் விபத்தும் குறையவேண்டும் என்பதற்காகச் செய்தது; அதை நான் குறை சொல்லவில்லை. ஆயிரம் பஸ்ஸை உடைக்கிற இடத்தில் ஒன்றை மட்டும் ஒதுக்கி வையுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

ஏன் என்றால் மறதி நம்மிடம் வேகமாக நடக்கிறது. 1972-ல் பெரிய பஸ் கம்பெனிகள் சர்க்கார் வசமாயின. பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்று பெயர்கள் வந்தன. 1975-ல் விழுப்புரத்தில் தந்தை பெரியார் பெயரில் ஒரு கழகம் வந்தது. 1997-ல் எல்லாப் பெயர்களும் அழிந்து ஒரே பெயராயிற்று. ஒரு தலைமுறையே 'பல்லவனில் போனேன்', 'சேரனில் வந்தேன்' என்று பேசியது. இன்று அந்தக் காலத்து பஸ்ஸின் வர்ணத்தையும் எழுத்தையும் பார்க்கவேண்டுமானால் பழைய சினிமாவைத்தான் நாடவேண்டும். பஸ் பிரயாணத்தையே கதையாகக் கொண்ட 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி' என்ற 1966-ம் ஆண்டுப் படத்தை மேஸ்திரி பல தரம் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார். நாகேஷைப் பார்க்க அல்ல. ஜன்னல் கம்பி எத்தனை என்று எண்ணுவதற்கு.

மற்ற ஊர்களிலும் பஸ்கள் ஓய்வு பெறுகின்றன. ஆனால் சும்மா அனுப்பிவிடுவதில்லை. மால்ட்டாத் தீவில் டிரைவர்களே சொந்தக்காரர்களாக இருந்து, பழைய சட்டங்களின்மேல் தாங்களே உடல் கட்டி, கோயில் தேர்போல அலங்கரித்து ஓட்டிவந்த பஸ்கள் 2011 ஜூலையோடு நின்றன. அவற்றில் சிலவற்றை இன்னும் துடைத்து வைத்திருக்கிறார்கள். பம்பாயில் 1937 முதல் ஓடிய மாடி பஸ்களில் கடைசிப் பழைய வண்டி 2023 செப்டம்பரில் ஓய்வு பெற்றபோது, ஜனங்கள் மாலை போட்டு வழியனுப்பினார்கள். மியூசியத்தில் வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். கேட்க ஆள் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஏரிக்கரை பஸ் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கிழவி பணம் வாங்க மறுத்துவிட்டாள். பிள்ளைக்கு வரவேண்டிய எடைக் காசை மேஸ்திரி தனியாக அவரிடம் கொடுத்துத் தீர்த்தார். கிரேன் வைத்துத் தூக்கி, லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தாயிற்று. அடிப்பலகையில் பாதி கறையான் தின்றிருந்தது. தேக்குக் கால்கள் மட்டும் கல்லாக நின்றன. நல்லதை அப்படியே விட்டு, கெட்டதை மட்டும் மாற்றுவது என்று முடிவாயிற்று. புதிதாகப் போட்ட ஒவ்வொரு துண்டிலும் உட்புறம் அந்த வருஷத்தை உளியால் செதுக்கி வைக்கிறார் மேஸ்திரி. பின்னால் வருகிறவர்களை ஏமாற்றக்கூடாதாம்! சிலை செப்பனிடுகிற பண்டிதர்கள் புத்தகம் எழுதிச் சொல்கிற தர்மத்தை இவர் படிக்காமலே கண்டுபிடித்திருக்கிறார்.

எஞ்சின் விஷயத்தில் கிழவிதான் ஜெயித்தாள். புதுப்பேட்டைக்குச் சொல்லி வைத்ததை மேஸ்திரி ரத்து செய்துவிட்டார். பெர்கின்ஸைப் பிரித்து, பிஸ்டன் வளையங்களை மாற்றி, டீசல் பம்பைச் சுத்தம் செய்து, தரையில் மரக்கட்டைகள்மேல் நிறுத்தி ஒரு சாயங்காலம் ஓட்டிப் பார்த்தார். முதலில் கறுப்பாகப் புகைந்தது, தும்மியது, பிறகு பிடித்துக்கொண்டது. பட்டறைப் பையன்கள் கைதட்டினார்கள். மேஸ்திரி மட்டும் கைபேசியை எஞ்சினுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனையில் யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த பஸ் ரோட்டில் ஓட இன்றுள்ள விதிப்படி அனுமதி கிடைக்காது. அது மேஸ்திரிக்கும் தெரியும். பட்டறை வாசலில் நிறுத்தி வைக்கலாம், குழந்தைகள் ஏறி இறங்கலாம், அவ்வளவுதான். பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு வருகிற ஜனங்களை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் பஸ்கள் எங்கள் ஊர் வழியாகப் போகின்றன. பதினாலு கிலோமீட்டர் நடந்து களைத்தவர்கள் அவற்றில் விழுந்து தூங்குகிறார்கள். ஊர் வந்ததும் இறங்கிப் போகிறார்கள். இறங்கியபின் பஸ்ஸைத் திரும்பிப் பார்க்கிறவர் யாரும் இல்லை. பார்க்கவேண்டும் என்று பஸ்ஸும் எதிர்பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஜில்லாவிலும் ஒரு டிப்போவில் ஒரே ஒரு பழைய வண்டியைக் கூரை போட்டு வைத்திருந்தால், அதை ஓட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்காவது திரும்பிப் பார்க்க ஓர் இடம் இருக்கும்.